பேரவையின் ஈசான மூலை

ஒற்றுமையைக் கட்டுவது எப்படி என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்த வேளையில், அதற்கான மணல், ஜல்லி, சிமெண்ட் விகிதத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஓசூர்தான். இன்னும் திருத்தமாகச் சொன்னால், ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில், கர்நாடகத்துக்குள் நுழையும் லாரிகள் கடைசியாக மூச்சு வாங்கும் இடத்தில் நிமிர்ந்து நிற்கும் 'எல்லையோரக் கட்டடக் கலைஞர், வடிவமைப்பாளர் பேரவை'.

பேரவையின் கட்டடத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. முகப்பு, சிறகு விரித்த பறவையைப் போல இருக்கும். அந்தச் சிறகுக்காகவே அதற்குச் 'சிறந்த பொதுக் கட்டடம்' விருது கிடைத்தது. விருதை வழங்கியதும் பேரவைதான். வீட்டுச் சாப்பாட்டை வீட்டுக்காரர்தானே முதலில் ருசி பார்க்க வேண்டும்?

கட்டடத்தை வரைந்த தலைவர் தங்கதுரை பரந்த மனம் படைத்தவர். பெங்களூரு கருத்தரங்கு ஒன்றில் 'பன்முகத்தன்மை' என்ற சொல்லைக் கேட்டு, அதைப் பத்திரமாக எல்லை தாண்டிக் கொண்டுவந்து, அந்த வாரமே 'சிறுபான்மையினர் சமூகக் கட்டுமானக் குழு'வைத் தொடங்கிவிட்டார். சிறுபான்மையினர் என்றால் பேரவையில் உறுப்பினராக இருந்த பெண்கள். மூன்று பேர். குழுவில் ஒன்பது ஆண்கள் நியமிக்கப்பட்டார்கள். பெண்களுக்கு வீண் சிரமம் கொடுக்கக் கூடாது என்ற கரிசனம்.

அந்த மூவரில் மூத்தவள் பொற்கொடி. பாரூர் ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளைவித்த குடும்பத்தில் முதல் ஆர்க்கிடெக்ட். "எம் பொண்ணு வீடு வரையுது" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். கேட்பவர்கள் பள்ளி நோட்டில் படம் வரைகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். பாகலூர் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய அலுவலகம். வருபவர்கள் அவளைப் பார்த்ததும், "இன்ஜினியர் சார் எப்ப வருவாருங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்து காத்திருப்பார்கள். சிலர் வெகுநேரம் காத்திருந்திருக்கிறார்கள்.

பேரவை அவளை ஒருபோதும் அப்படி அவமதித்ததில்லை. எல்லா விழாவுக்கும் அழைத்துக் குத்துவிளக்கு ஏற்றச் சொல்லும். அந்த மேடையில் அவள் கைக்கு வராத மெழுகுவத்தி கிடையாது. வந்த மைக்கும் கிடையாது.

இந்த முறை அவள் விளக்கேற்றச் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. பேரவைக்குப் பின்பக்கம் ரோஜா வளர்க்கும் வெங்கடம்மாள், தன் நிலத்தில் ஒரு பகுதியில் ஹாஸ்டல் கட்ட முடிவு செய்திருந்தார். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, ஓர் அறையில் எட்டுப் பேராகப் படுத்துக் கிடக்கும் பெண்களுக்கான ஹாஸ்டல். பெங்களூருவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவருடைய மகன் ஸ்ரீராம், "படிச்சவங்க சபை இருக்குதும்மா, அவங்க யாரைச் சொல்றாங்களோ அவங்களுக்கே குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டான். குழுவின் தொடக்க விழாவில், சிறப்பு விருந்தினர் வெங்கடம்மாள் முன்னிலையில் பேரவை அந்தப் பெயரை அறிவிக்கும்.

பொற்கொடியும் ஒரு வரைபடம் கொடுத்திருந்தாள். அந்த வேலை கிடைத்தால் அலுவலகம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை பெங்களூருவில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர வேண்டும். கார் நிறுத்துமிடங்களின் சரிவுப் பாதைகளை மட்டும் வரையும் வேலை. அவளுக்கு வீடு வரையத்தான் பிடிக்கும். யார் எங்கே நின்று தலை துவட்டுவார்கள் என்று யோசிக்கப் பிடிக்கும். காருக்கு ஏது தலை?

கணவன் ஜெகதீஷ் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்ப்பவன். விழா அன்று காலை, வாடிய முகத்தோடு சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தவளிடம், "பெங்களூர் போனாலும் பரவால்ல கொடி. சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிற நேரம் பூரா என்னை நெனச்சுக்கிட்டு இருக்கலாம்" என்றான்.

"உங்கள நெனைக்க சிக்னல் எதுக்குங்க? கழுவாம போட்டுட்டுப் போற டிபன் பாக்ஸே போதும்."

அவன் எழுந்து போய் டிபன் பாக்ஸைக் கழுவினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடிப்பும் ஒழுங்காக அமைந்தது.

விழா மேடையில் மூன்று பெண்களின் படத்தோடு பெரிய பேனர். பொற்கொடியின் படத்துக்குக் கீழே 'திருமதி ஜெகதீஷ்' என்றிருந்தது. உள் அலங்காரம் செய்யும் காவியாவின் படம் அவளுடைய கல்யாண வரவேற்பிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டிருந்தது, தோளில் மாப்பிள்ளையின் கை மட்டும் மிச்சம். கம்பெனிகளுக்குள் மிஷின் எங்கே, ஆள் எங்கே என்று அமைப்பு வரையும் கோவில்பட்டி ராசாத்தியின் படம் கிடைக்காததால், ஹெல்மெட் போட்ட யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராசாத்தி அண்ணாந்து பார்த்து, "யாருக்கா இவ? என்னைவிட நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

விளக்கு ஏற்றப்பட்டது. மைக் ஆண்களிடம் போனது. முதல் பொருள், 'சிறுபான்மையினர் யார்?'

இந்த விவாதத்தின் ஆழத்தைச் சாதாரணமாக அளந்துவிட முடியாது. வீட்டில் தெலுங்கு பேசும் ஓர் உறுப்பினர் தாமும் சிறுபான்மையினரே என்று எழுந்தார். கன்னடம் பேசுபவர் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் ஒருவர், தம் தெருவில் தாம் ஒருவரே அப்படி என்று கலங்கினார். மண் சுவர் மட்டுமே கட்டுபவர், இடது கையால் வரைபவர், வாடிக்கையாளரிடம் வாஸ்து பேசாதவர் என்று ஒவ்வொருவராகத் தங்கள் தனிமையைப் பதிவு செய்தார்கள். முடிவில் பேரவையில் பெரும்பான்மையினர் என்று எவருமே இல்லை என்பது ஐயமற நிறுவப்பட்டது. அப்படிப் பதிவு செய்யாமல் எஞ்சியிருந்தவர்கள் அந்த மூன்று பெண்கள்தான். அவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்குப்படி அவர்கள்தான் பெரும்பான்மை.

காவியா பொற்கொடியின் பக்கம் சாய்ந்தாள். "அக்கா, போலாமா?"

பொற்கொடி தலையசைத்தாள். மூவரும் ஓசையில்லாமல் எழுந்து பின்வாசல் வழியாக நடந்தார்கள்.

இங்கே பேரவையின் கட்டடக் கலை நுட்பத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அங்கே பெண்கள் கழிவறை இல்லை என்று சொல்பவர்கள் வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள். வரைபடத்தில் ஈசான மூலையில் 'பெண்கள் கழிவறை' என்று அழகாக எழுதியிருக்கிறது. அனுமதி வாங்கிய பிறகு, ஈசானத்தில் கழிவறை ஆகாது என்று வாஸ்து பார்ப்பவர் சொன்னார். ஆண்கள் கழிவறை வாயு மூலையில் இருந்ததால் அதற்குத் தோஷம் ஒட்டவில்லை. ஈசான மூலை, விருந்தினர்களுக்குப் போர்த்தும் பொன்னாடைகளை அடுக்கி வைக்கும் அறையானது. வரைபடம் மாறவில்லை. முன்பொருமுறை பொற்கொடி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னபோது தங்கதுரை வரைபடத்தை விரித்து, "இருக்கே பொற்கொடி, நீங்க பாக்கலியா?" என்றார். கட்டடக் கலைஞருக்கு வரைந்துவிட்டால் கட்டியதுபோலத்தான்.

அதனால் கூட்டம் நீளும்போதெல்லாம் பெண்கள் பின்வாசல் வழியாக வெங்கடம்மாள் வீட்டுக்குப் போவார்கள். 'சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு' என்று சொல்லிக்கொண்டு போய், பேச்சுவாக்கில் பாத்ரூம் போய்விட்டு, காபி குடித்துத் திரும்புவார்கள். பொற்கொடியும் காவியாவும் முதன்முதலாகப் பேசிக்கொண்டதே அந்தப் பாத்ரூம் வாசலில்தான். ராசாத்தி வந்து சேர்ந்ததும் அங்கேதான். கூடத்துச் சாப்பாட்டு மேசையில், ஒருத்தி உள்ளே போக மற்ற இருவரும் தொழில் பேசினார்கள். பொற்கொடியின் ஹாஸ்டல் வரைபடம் அப்படித்தான் வளர்ந்தது. காலை ஷிப்டுக்கு எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் எழுந்தால் குளியலறையில் கூட்டம் எப்படி நகரும் என்று ராசாத்தி போட்டுக் காட்டினாள். சீலை மாற்றும்போது நிழல் ஜன்னலில் விழாதபடி விளக்கை எங்கே வைப்பது என்று காவியா சொன்னாள்.

அன்று வீடு பூட்டியிருந்தது. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது: வீட்டுக்காரம்மா பேரவையின் முன்வரிசையில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்?

"ஐயோ, அந்தம்மாவே மாட்டிக்கிட்டாகளா?" என்றாள் ராசாத்தி.

மூவரும் திரும்பி வந்தபோது தங்கதுரை அறிவிப்பை நெருங்கிக்கொண்டிருந்தார். விண்ணப்பங்களை ஒன்பது பேரும் ஆராய்ந்ததாகவும், பெண்களுக்கான ஹாஸ்டல் என்பதால் மிகுந்த அனுபவம் தேவை என்று ஒருமனதாகக் கருதியதாகவும், அத்தகைய அனுபவம் தம் அலுவலகத்திடம்தான் இருப்பதாக அவர்கள் வற்புறுத்தியபோது தாம் கூச்சத்தால் எழுந்து வெளியே போய்விட்டதாகவும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. பொற்கொடி தன் கையைப் பார்த்தாள். திரி தூண்டிய கரி விரலில் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை பஸ் எத்தனை மணிக்கு என்று யோசித்தாள்.

சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்த அழைத்தார்கள். வெங்கடம்மாள் எழுந்தார். ஆனால் மேடைக்கு வராமல் பொற்கொடியிடம் குனிந்து, "ஏம்மா, எனக்கு சக்கரை இருக்குது, ரொம்ப நேரம் அடக்க முடியாது. எந்தப் பக்கம்?" என்றார்.

பொற்கொடி வாய் திறப்பதற்குள் தங்கதுரை முந்திக்கொண்டார். "ஈசான மூலைம்மா. நேராப் போயி, வலது பக்கம்."

வரைபடம் மனப்பாடமாக இருந்ததால் வந்த பதில் அது.

வெங்கடம்மாள் போய்க் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து பொன்னாடைகள் சரிந்து அவர் காலடியில் விழுந்தன, பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாக. அவர் மெல்லத் திரும்பி மூன்று பெண்களையும் பார்த்தார்.

"அப்ப இத்தினி நாளா நீங்க வந்தது எங்காபிக்கு இல்லியா?"

"காபியும் நல்லாத்தான் இருக்கும் அத்தே" என்றாள் காவியா, தலையைக் குனிந்தபடி.

வெங்கடம்மாள் தங்கதுரையிடம் திரும்பினார்.

"இந்தக் கட்டடத்துக்கு பிளான் போட்டது யாரு சாமி?"

பாராட்டு வருகிறது என்று தலைவர் கைகூப்பினார். "அடியேன்தாம்மா. இங்க இருக்கிற ஒவ்வொரு கதவும் நான் கைப்பட வரைஞ்சது."

"இந்த ரூமு?"

"வரைபடத்துல அது பெண்கள் கழிவறைதாம்மா."

"வரைபடத்துல போக முடியுமா சாமி?"

பேரவையின் வரலாற்றில் எந்தக் குழுவும் ஆராயாத கேள்வி அது. வெங்கடம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, காத்திருக்கும் நிலையிலும் இல்லை. "வாங்கடி பிள்ளைங்களா, வூட்டுக்குப் போலாம். அந்த மேசையில என்னமோ வரைஞ்சீங்களே, அதையும் எடுத்துக்குங்க" என்று பின்வாசலைப் பார்த்து நடந்தார். மூவரும் பின்னால் ஓடினார்கள்.

ஹாஸ்டலுக்கு அஸ்திவார வானம் தோண்டியாகிவிட்டது. மூவரும் சேர்ந்தே வேலை பார்க்கிறார்கள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்று பெயர் கொண்ட பலகை தொங்குகிறது. ஸ்ரீராம் பெங்களூருவிலிருந்து ஒருமுறை வந்து, "இன்ஜினியர் சார் எங்கே?" என்று கேட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பேரவையும் சும்மா இருக்கவில்லை. கழிவறைப் பிரச்சினையை அவசரமாக எடுத்துக்கொண்டு, முதற்கட்ட நடவடிக்கையாக வரைபடத்தில் அந்த அறைக்கு இளஞ்சிவப்பு வண்ணம் அடித்தது. ஆண்டு விழாவில், சிறுபான்மையினர் சமூகக் கட்டுமானக் குழு பெருவெற்றி அடைந்ததாகவும், மூன்று பெண்கள் ஒன்றிணைந்து தொழில் நடத்துவதே அதற்குச் சாட்சி என்றும் அறிக்கை வாசிக்கப்பட்டது. பொற்கொடி வழக்கம்போல் விளக்கேற்றினாள். அன்றைக்குத் தங்கதுரை தாமாகவே மைக்கை அவளிடம் நீட்டினார். முதல் முறை.

அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்க மூணு பேரையும் ஒண்ணு சேர்த்த பெருமை முழுக்க இந்தக் கட்டடத்தையே சேரும். இதை வரைஞ்சவங்க, பொம்பளைங்களும் இங்க வருவாங்கன்னு ஒரே ஒரு தடவை நெனச்சிருந்தாக்கூட, நாங்க ஒருத்தர ஒருத்தர் பாத்திருக்கவே மாட்டோம்."

அரங்கம் அதிரக் கைதட்டியது. கடைசிவரை தட்டியவர் தங்கதுரைதான். கண் கலங்க எழுந்து, ஈசான மூலையிலிருந்து ஒரு நல்ல பொன்னாடையாகப் பார்த்து எடுத்துவரச் சொன்னார்.