அக்காவுக்காக நான் அலங்கரித்த கறுப்புத் திரை

கேட்காமல் உதவி செய்ய வருகிறவனைப் பிடித்துத் தூணில் கட்டிப்போட வேண்டும். நான் அந்த இனம். வயது ஏறியும் என் கோபம் இறங்கவில்லை. ஆனால் இந்தக் கதையில் அந்தக் கோபம் முழுக்க என் மேலேயே விழ வேண்டியது.

நாட்டில் சண்டைக் காலம். அலுவிகாரையில் ஒரு ஹாஜியாரின் மிளகு, கராம்பு ஏற்றுமதிக் கடையில் கம்பியூட்டர் வேலை பார்த்தேன். எந்த மூட்டை வந்தது, எது போனது என்று கணக்குப் போடும் நிரல் நான் எழுதியது. சுட்டி, படம் எதுவும் கிடையாது. வெறும் கறுப்புத் திரை. கட்டளையைத் தட்டினால் பதில் எழுத்தாக வரும்.

என் அக்கா ஸ்டெல்லாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அவளும் நிரல் எழுதுகிறவள். என்னைவிடக் கெட்டிக்காரி. (இதை எழுதும்போது பல்லைக் கடிக்கிறேன்.) திரையில் வரும் எழுத்தை ஒரு மென்பொருள் ஆங்கிலத்தில் வாசிக்கும், அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்பாள். அதனால் கறுப்புத் திரைதான் அவளுக்கு வசதி. எல்லாமே எழுத்து, எல்லாமே காதுக்கு வரும். இவ்வளவு படித்தும் எவனும் வேலை கொடுக்கவில்லை. எங்கள் ஊர் எல்கடுவையில் வீட்டோடு இருந்தாள்.

ஹாஜியாருக்கு இன்னொரு ஆள் தேவைப்பட்டது. நான் அவரை நச்சரித்தேன்.

"சரி தம்பி, கூட்டிட்டு வாங்க. கணக்குல ஒரு பிழைய நான் வெச்சித் தாறேன். அத அவங்க புடிச்சிக் காட்டினா வேலை," என்றார்.

அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நிரலத் தொடாத. இப்ப இருக்கிற மாதிரி வரிவரியா வந்தா எனக்குப் போதும்."

பாவம், கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். (அவளுக்கா கூச்சம்!) அவளுக்குத் தெரியாமல் நிரலை அழகுபடுத்தினேன். ஒவ்வொரு சரக்கையும் கோடுகளால் பெட்டி கட்டினேன். கணக்குப் போடும் நேரத்தில் ஒரு சின்னக் கோடு நின்று, சாய்ந்து, படுத்துச் சுழல்கிற மாதிரி வைத்தேன். பிழையான வரியில் முன்பு 'எரர்' என்ற சொல் வரும். அது அசிங்கமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டு, வரியைச் சிவப்பாக்கினேன். கடைசியாக எழுத்தைப் பெரிதாக்கினேன். கண் தெரியாதவளுக்கு எழுத்தைப் பெரிதாக்கினேன்! அதற்குப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

சோதனை நாளில், காதில் மாட்டுவது வேண்டாம், ஹாஜியாரும் கேட்டு அசரட்டும் என்று இரண்டு ஸ்பீக்கரைப் பையில் போட்டேன். வழியில் செக்பாயிண்டில் ஆமிக்காரன் வயரைப் பார்த்துப் பையைக் கொட்டச் சொன்னான். நான் சிங்களத்தில் எகிறினேன். அக்காதான் மெதுவாகப் பேசி என்னை மீட்டாள். அன்றைய கூத்துக்கு அது வெறும் முன்னோட்டம்.

கடையில் ஹாஜியார், பக்கத்தில் மனேஜர். அக்கா கட்டளையைத் தட்டினாள். ஸ்பீக்கர் வாயைத் திறந்தது.

"பார். ஸ்லாஷ். டேஷ். பேக்ஸ்லாஷ். பார். ஸ்லாஷ். டேஷ். பேக்ஸ்லாஷ்..."

சுழலும் என் அழகான கோட்டைத்தான் வாசிக்கிறது. கண்ணுக்குச் சுழற்சி, காதுக்குப் பைத்தியம்.

"தம்பி, மிஷினுக்கு என்ன புடிச்சிரிச்சி?" என்றார் ஹாஜியார்.

"ஸ்பீக்கர் பழுது, ஹாஜியார்!" என்று அதன் தலையில் குத்தினேன். (ஸ்பீக்கர் ஒரு பாவமும் அறியாது.)

ஒருவழியாகப் பட்டியல் வந்தது. "டேஷ் டேஷ் டேஷ் டேஷ்..." என்று பெட்டியின் கூரை. "பார். பெப்பர். பார்." என்று சுவர். மறுபடி கூரை. அக்கா நெற்றியைச் சுருக்கிக் கடைசிவரை கேட்டாள்.

"எதில மகள் பிழை இரிக்கி?" என்று ஹாஜியார் அக்காவைக் கேட்டார்.

"எதிலயும் பிழைன்னு வரலைங்களே."

ஹாஜியாரும் மனேஜரும் திரையைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு வரி இரத்தச் சிவப்பில் இருந்தது. ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். "சிவப்பா இரிக்கே, மகள். கண்ணு இல்லாட்டி இதுதான் கஷ்டம். மனசுல வெச்சிக்க வேணாம்."

அக்காவின் முகம் விழுந்தது. அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. 'தப்பு என்னுடையது' என்று அந்த நொடியில் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? ஹாஜியாரைப் பார்த்துக் கத்தினேன். "உங்களுக்குத்தான் கண்ணு தெரியல!"

மனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார். வெளியே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"தம்பி, வாயை மூடு," என்றாள் அக்கா. "நிரல்ல என்னத்தச் செஞ்ச?"

"சும்மா... கொஞ்சம் அழகுபடுத்தினேன்."

"யாருக்கு?"

நான் ஸ்பீக்கர் வயரை நோண்ட, அவள் ஹாஜியார் பக்கம் திரும்பினாள்.

"ஹாஜியார், திரைய அணைச்சிட்டு இவன உக்கார வைங்க. இவன் எழுதினதுதானே? பிழைய இவனே கண்டுபிடிக்கட்டும்."

உட்கார்ந்தேன். இருண்ட திரைக்கு முன்னால் என் நிரல் என்னிடமே பேசியது. பார், ஸ்லாஷ், டேஷ். கூரை, சுவர், கூரை. மிளகு எங்கே, கராம்பு எங்கே, ஒன்றும் பிடிபடவில்லை. இதே திரையை நான் ஒருநாள்கூட அணைத்துவிட்டுக் கேட்டதில்லை. வீட்டில் பக்கத்து அறையிலேயே அக்கா இருந்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

"முடியல," என்றேன்.

"எழும்பு."

அவள் உட்கார்ந்து பெட்டிகளை உடைத்தாள், சுழற்சியை எறிந்தாள், 'எரர்' என்ற சொல்லை வரியின் முதலில் வைத்தாள். மறுபடி ஓட்டினாள். கொஞ்சம் அமைதி. பிறகு, "எரர். பெப்பர்."

"மிளகுங்க ஹாஜியார். வந்ததவிட வெளிய போனது கூட."

ஹாஜியார் தாடியைத் தடவினார். "மகள், நாளைக்கே வாங்க. தம்பி, நீங்க இனி எழுதுறத மகள் கேட்டுச் சரின்னு சொன்னாத்தான் என்ட மிஷின்ல ஓடும்."

அப்படித்தான் ஓடியது. நான் எழுதியதை அவள் கேட்பாள், உதட்டைப் பிதுக்குவாள், நான் திருத்துவேன்.

போன வருடம் என் மகளின் கல்யாணம். மாதா கோவில் மண்டபத்தில் மைக் கரகரத்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானே மேடையேறி வயரைப் பிடித்தேன். முன்வரிசையிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"பார். ஸ்லாஷ். டேஷ்."

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்தார்கள். அவர்களுக்கும் கதை போய்விட்டது. வயரைப் போட்டுவிட்டு இறங்கி வந்து உட்கார்ந்தேன். மைக் தானாகவே சரியாகிவிட்டது.