தேவகியின் சாமான்கள்

பிரெஞ்சுப் பரீட்சை தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கையில்தான் தேவகிக்கு உறைத்தது. தன்னுடையது என்று காட்ட வீட்டில் ஒரு சாமான்கூட இல்லை.

வாங்காமல் இல்லை. மிக்சி பின்வீட்டு முனியனிடம் இருந்தது. குடை யாருடனோ பக்கத்து ஊரான பெருநகருக்கு பஸ் ஏறிவிட்டது. உத்திரமேரூரில் அவர்கள் தெரு அப்படி. எந்தச் சாமானும் சொந்தக்காரர் வீட்டில் தங்காது.

பரீட்சையிலோ வீட்டுச் சாமான்களைக் கைப்பேசியில் காட்டி, யாருடையது என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். தேறினால் மாமல்லபுரம் ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை. தவறினால் மறுபடி அதே ஓட்டலில் அறை பெருக்க வேண்டியதுதான்.

"இங்க கீறத காட்டு. எல்லாம் என்னுதுன்னு சொல்லு. பிரெஞ்சுல சொன்னா பக்கத்து வூட்டு மங்கம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது?" என்றான் புருஷன் பாண்டியன்.

பரீட்சை எடுக்கும் புதுச்சேரி மேடம் கண்ணாடியும் முறைப்புமாகத் திரையில் வந்தார். தேவகி பிளாஸ்கைத் தூக்கினாள்.

"ஸே மோன் தெர்மோஸ்." இது என் பிளாஸ்க்.

"தேவகி, என் பிளாஸ்கு கீதா? பாப்பாவுக்கு வெந்நி ஊத்தணும்." மங்கம்மா நேரே வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

மேடத்தின் புருவம் உயர்ந்தது. தேவகி அவசரமாக 'மோன்' என்பதை 'ஸோன்' ஆக்கினாள். பிளாஸ்க் மங்கம்மாவுடையதாகிவிட்டது.

பாண்டியன் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டான். தேவகி மேசை விசிறியைக் காட்டி 'என்னுடையது' என்றாள். ஜன்னலில் எதிர்வீட்டு வேதகிரியின் தலை முளைத்தது.

"கதவ ஏம்மா சாத்திக்கினு கீறீங்க? என் ஃபேன இப்டி ஜன்னல் வழியா குடு."

விசிறியும் 'அவருடையது' ஆயிற்று. பாண்டியனுக்கு வேர்த்துவிட்டது.

"இரு, உன் மிக்சியவே வாங்கினு வந்துர்றேன்" என்று பின்வாசல் வழியாக ஓடினான்.

மிக்சி வந்தது. அரைபட்ட சட்னியோடு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு முனியன் பெண்சாதி பரிமளாவும் வந்தாள்.

"பாதி அரைச்சிக்கினு கீறேன், பிடுங்கினு வர்றாரு! வூட்ல விருந்தாளி குந்தினு கீறாங்க!"

யார் பக்கம் பேசுவது? தேவகி மிக்சியை 'எங்களுடையது' என்று பொதுவாக்கினாள். பரிமளா அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"உங்களுடையது ஏதாவது உண்டா?" என்று மேடம் பிரெஞ்சில் கேட்டார்.

தேவகி சுற்றிலும் பார்த்தாள். ஒன்றுமில்லை. பாண்டியன் சட்டையைப் பிடித்துத் திரைக்கு முன் இழுத்தாள்.

"ஸே மோன் மரி." இவர் என் புருஷன்.

வாசலைப் பார்த்தாள். நல்ல வேளை, அவனைக் கேட்டு யாரும் வரவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "நீ பாஸும்மா" என்றார், நல்ல தமிழில்.

தேவகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மேடம், எல்லாம் இரவல்னு தெரிஞ்சுமா பாஸ் போட்டீங்க?"

"இரவல்ல என்னம்மா தப்பு? சரி, நான் வெக்கிறேன், இந்த லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் வந்து நிக்கிறாரு."