பக்கத்துக் கட்டிலுக்கு ஐந்து நாள் ஊசி

அன்பு மச்சான் பழனிமுத்துவுக்கு,

மைசூர் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து முனிராஜ் எழுதுவது. மார்டள்ளியில் நீயும் பிள்ளைகளும் உன் மஞ்சள் காடும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதினால் பொய். இங்கிருந்தே மண்டி வியாபாரம் பேசுகிறேன் என்று போனை உன் அக்கா தேவம்மா பிடுங்கிக்கொண்டதால் கடிதம்.

ஹெர்னியா ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மறுநாள் காலை நர்ஸ் நிம்மி வந்து, "அங்கிள், யூரின் ட்யூபை எடுத்துடலாம், எழுந்து நடங்க" என்றாள். நான் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன். நம் எதிர்க்கடைத் தேங்காய் மண்டி நஞ்சுண்டசாமி. அவருக்கும் அதே நாள்தான், அதே டாக்டர்தான். அவர் ட்யூபை மட்டும் யாரும் தொடவில்லை, பாத்ரூமுக்குக்கூட எழாமல் மகாராஜா மாதிரி படுத்திருக்கிறார். எதிர்க்கடையில் ஒரு லாரி வந்து நின்றாலே எனக்குச் சோறு இறங்காது, உனக்குத் தெரியும்.

"அவருக்கு மட்டும் எதுக்கு இருக்கு?"

"அவருக்கு புரோஸ்டேட், அங்கிள். வேற ஆபரேஷன்."

நம்புவதற்கு நான் என்ன நேற்றா கடை வைத்தேன்? எழுந்தால் தலை சுற்றுகிறது என்று பொய் சொல்லி, இரண்டு நாள் எடுக்க விடவில்லை. மூன்றாம் நாள் டாக்டரே வந்து திட்டி எடுத்தார். அன்று மாலையே குளிர் நடுக்கிக் காய்ச்சல், ஒன்றுக்குப் போனால் மிளகாயை அரைத்துவிட்ட எரிச்சல். "சிறுநீர்ல கிருமி. ட்யூப் கூடுதல் நாள் இருந்தா இதுதான் வரும், சொன்னா கேட்டீங்களா?" என்றார்.

இப்போது நஞ்சுண்டசாமி ட்யூப் இல்லாமல் வராந்தாவில் உலாத்துகிறார். "ஏன்ரீ முனிராஜ், நாளைக்கு நான் வீட்டுக்கு. நீங்க நிதானமா வாங்க" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நம் பூங்குழலிக்கு நிச்சயம். "அப்பன் ஆஸ்பத்திரில கெடந்தா தட்டை யாருங்க மாத்துறது?" என்று தேவம்மா கண் கலங்குகிறாள். எப்படியாவது சனிக்கிழமை வீட்டுக்குப் போக வேண்டும். முடியாவிட்டால் தாய்மாமன் நீ நின்று மாற்று. இனி அடுத்தவன் கட்டிலைத் திரும்பிப் பார்க்க மாட்டேன், இது பெண்ணின் மேல் சத்தியம்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் மனைவி லிங்கம்மாவை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
முனிராஜ்

பின்குறிப்பு: டாக்டர் இப்போதுதான் வந்து போனார். எனக்குக் காய்ச்சல் விட்டதாம், மாத்திரையோடு நாளைக்கே போகலாமாம். ஆனால் நஞ்சுண்டசாமிக்கும் அதே கிருமி, அவருக்கு ஐந்து நாள் நரம்பில் ஊசியாம். அவருக்கு ஊசி, எனக்கு வெறும் மாத்திரையா? எனக்கும் போடாமல் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நிச்சயத்தை ஒரு வாரம் தள்ளலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டு வை. அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.