முழுப் போத்தலும் குடித்த டொக்டர்

தன் கையெழுத்தின் மேல் ஒரு வைத்தியருக்கு இருக்கும் நம்பிக்கை, அந்த மருந்தை விழுங்கப் போகிறவருக்கும் இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்த உண்மையை நான் வயிற்றால் கற்றவள். (மூளையால் கற்றிருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.)

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பெண்களில் முதல் அல்ல, ஆண்களையும் சேர்த்துத்தான் முதல். இதை யாருக்காவது ஞாபகப்படுத்தாமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

அன்று மருந்து எழுதும் பரீட்சை. நோயாளியின் விபரத்தைச் சொல்வார்கள், நாங்கள் மருந்தும் அளவும் எழுத வேண்டும். டிஸ்பென்சர் அதை அப்படியே கலந்து, போத்தலில் ஊற்றி, லேபிள் ஒட்டி, பரீட்சகரின் மேசையில் வைப்பார். பிறகு கேள்விகள். ஆபத்தாக எழுதினால் அங்கேயே பெயில், திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அப்பாவோ நான் பாஸ் என்றே தீர்மானித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு உறவுகளையெல்லாம் அழைத்திருந்தார். அம்மா நேர்த்தி வைத்து என்னை வெறும் வயிற்றோடு அனுப்பியிருந்தார்.

எனக்கு வந்த நோயாளி, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு நாட்டாமி. மலச்சிக்கல். வயது, பழைய வருத்தம், வேறு மருந்து என்று எல்லாம் பரீட்சகரிடமே விசாரித்தேன். மனப்பாடம் செய்த வரிசை தவறக்கூடாதென்று, "கர்ப்பமா?" என்றும் கேட்டேன். பரீட்சகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பேதியுப்புக் கலவையை மூன்று வேளைக்கு எழுதினேன்.

பரீட்சகர் ஒரு பறங்கிக் கனவான். அவர் பேசியது ஆங்கிலம், எனக்கு இன்றும் அது தமிழில்தான் கேட்கிறது.

"இந்த மருந்து பாதுகாப்பானதா, மிஸ்?"

"ஓம் சேர். வேணுமெண்டால் நானே குடிக்கிறன்."

அவர் குடிக்கச் சொல்லவேயில்லை. நான்தான் தக்கையைப் பிடுங்கி, ஒரே மூச்சில் குடித்து, வெறும் போத்தலை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்து நின்றேன்.

"லேபிளை வாசியுங்கள்."

"நாளுக்கு மூன்று வேளை. வேளைக்கு ஒரு பங்கு..." போத்தலின் பக்கவாட்டில் ஒவ்வொரு வேளைக்கும் அளவு காட்டி ஒட்டிய காகிதம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"அந்த நாட்டாமிக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது, சேர்."

"அப்படியென்றால் அவர் என்ன செய்வார்?"

"நான் செய்ததைத்தான், சேர்."

டிஸ்பென்சர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பரீட்சகர் சிரிக்கவில்லை. "சாகமாட்டீர்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள்," என்றார். "இப்போது நான்தான் நாட்டாமி. எனக்கு விளங்கும்படி சொல்லுங்கள்."

சொல்லத் தொடங்கினேன். வயிறும் தன் பங்குக்குப் பேசத் தொடங்கியது. அவர் அவசரப்படவில்லை. "மூன்று பங்கையும் ஒன்றாகக் குடித்தால் கெதியாகச் சுகம் வருமல்லவா?" என்றார்.

"வராது சேர்! வேற என்னவோதான் வரும்!" இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அந்த நிலையிலும் எனக்கு ஒன்று தோன்றியது, அதை நினைத்து இன்றும் எனக்குப் பெருமைதான். "இப்ப நீங்கள் திருப்பிச் சொல்லுங்கோ, சேர். எத்தனை தரம்? எவ்வளவு?"

மனிதர் பணிவாகத் திருப்பிச் சொன்னார். பிறகு கதவைக் காட்டினார். "மருந்தும் சரி, சொன்ன விதமும் சரி. பாஸ். ஓடுங்கள், டொக்டர்."

என்னை முதன்முதலாக டொக்டர் என்று அழைத்தவர் அவர்தான். நின்று நன்றி சொல்ல முடியவில்லை.

கல்லூரிக் கக்கூசில் ஒரு தரம் தப்பிப் பிழைத்து, ரிக்ஷாவில் வீடு வந்தேன். வாசலில் மாலையோடு நின்ற அப்பாவைத் தாண்டி, உறவுகளைப் பிளந்துகொண்டு, நேரே பின்வளவுக் கக்கூசுக்குப் போனேன்.

"என்ன பிள்ளை, பெயிலோ?" அப்பா மாலையோடு கதவடிக்கு ஓடி வந்தார்.

"பாஸ் அப்பா! பாஸ்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். வெளியே எல்லோரும் கைதட்டினார்கள். நான் காத்து நின்ற கைதட்டல் அங்கேதான் கிடைத்தது.

பிறகு வெள்ளவத்தையில் டிஸ்பென்சரி வைத்துத் தலை நரைக்கும்வரை நடத்தினேன். தமிழரிடம் "திருப்பிச் சொல்லுங்கோ", சிங்களவரிடம் "ஆயெத் கியன்ன". சொல்லாமல் ஒருவரும் போத்தலோடு படியிறங்கியதில்லை. முழுப் போத்தலையும் ஒன்றாகக் குடித்த நோயாளி எனக்கு வாய்க்கவேயில்லை.

வீட்டில் மட்டும் இதற்கு மதிப்பில்லை. மருந்துப் போத்தல் ஒன்று வந்தால் போதும், என் மகன் அதை அலுமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்துவிட்டுச் சொல்வான்: "அம்மாட கையில குடுத்திடாதேங்கோ. அவ டொக்டர், முழுக்கக் குடிச்சிடுவா."