கணக்கைத் தீர்த்துக்கட்டுவேன் என்று என் மகள் எழுதியது குறித்து

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளையின் தகப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று தாங்கள் தொலைபேசியில் பேசியதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் நலமாக இல்லை.

புது ஆண்டுக்கு இலக்கும் திட்டமும் எழுதி வரச் சொன்னீர்கள், எழுதினாள். "இந்த வருடம் கணக்கைத் தீர்த்துக்கட்டுவேன், ஒரு கை பார்க்காமல் விடமாட்டேன்" என்று எழுதிவிட்டாள் என்பதற்காகக் கணக்கு வகுப்பிலிருந்து எழுப்பி அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள், பாடம் வேறொரு டீச்சரை வைத்து அதுபாட்டுக்கு ஓடுகிறது, திங்கட்கிழமைக்குள் நான் எழுத்தில் விளக்கம் தராவிட்டால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவதாகச் சொல்கிறீர்கள், கணக்கு சாரோ அதைப் படித்த நாளிலிருந்து லீவாம். அம்மா, கணக்கு என்பது பாடம். அதைத் தீர்ப்பது என்றால் விடை கண்டுபிடிப்பது, அவ்வளவுதான். எறும்பைப் பார்த்தால்கூடச் சுற்றிக்கொண்டு போகிற பிள்ளை, ஆறடி உயரக் கணக்கு சாரை என்ன செய்துவிடும்?

"படிக்கும் இடம்" என்பதற்கு எதிரே "அப்பா வெட்டும் மேசை" என்றும், "படிக்கும் நேரம்" என்பதற்கு எதிரே "அப்பா வெட்டி முடித்துத் துடைத்த பிறகு" என்றும் எழுதியிருப்பதைத் தாங்கள் நிறுத்தி நிறுத்தி வாசித்துவிட்டு, "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டதும் பதற்றத்தில் "கட்டிங்தான் மேடம்" என்றேன். உடனே தாங்கள் தொலைபேசியை வைத்துவிட்டீர்கள். நான் தையல்காரன் அம்மா. வெட்டுவது துணி, துடைப்பது சாக்பீஸ் தூள்.

என் மனைவி என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க வாய்தான். ஒரு பட்டன் தெறிச்சு விழுந்தாக்கூட 'உன்னை விட்டேனா பார்'னு நிக்கிறீங்க. பிள்ளைக்கும் அதே பேச்சு ஒட்டிக்கிச்சு" என்கிறாள். மகள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் இல்லாமலே ரெண்டு பாடம் போயிடுச்சுப்பா" என்று புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தானாகவே போட்டுப் பார்க்கிறாள். பெரிய மனது பண்ணி அவளைத் திரும்ப வகுப்பில் உட்கார வையுங்கள்.

தங்கள் பள்ளியும், அதில் படிக்கும் பிள்ளைகளும், கணக்கு சாரின் உடம்பும் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளும்,
பயந்துபோன தகப்பன்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "தப்பா எழுதியிருக்கீங்கப்பா. எங்க கிளாஸ்ல கணக்குன்னா சார்தான். நான் அவரைத்தான் எழுதினேன்" என்கிறாள். ஏன் என்று கேட்டேன். போன வருடம் எல்லார் முன்னாலும், "நீ ஊசியில நூல் கோக்கப் போ, உனக்குக் கணக்கு வராது" என்றாராம். நூற்றுக்கு நூறு வாங்கி, விடைத்தாளை அவர் மேசையில் கொண்டுபோய் வைப்பதுதான் தீர்த்துக்கட்டுவதாம். இத்தனை நாளும் அவள் என்னிடம் இதைச் சொல்லவில்லை. ஆகையால் மேலே நான் எழுதியது அத்தனையையும் அடித்துவிடுங்கள், அவள் எழுதியதே சரி. பிரிவை மட்டும் மாற்றிவிடாதீர்கள். சாரையும் லீவு போடாமல் வரச் சொல்லுங்கள். அவர் வராவிட்டால் என் பிள்ளை யாரைத் தீர்த்துக்கட்டுவாள்?