கண்ணாடியைக் கழற்றாமல் சொல்லியிருக்கலாம்

சினிமாவைப் பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்களால் ஊருக்கு ஒரு கேடும் இல்லை. அதைப் படிப்பாகப் பார்க்கிறவர்களிடம்தான் கவனமாக இருக்க வேண்டும். நான் அந்த இரண்டாவது கூட்டம்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் எனக்கு ஒரு கடை இருக்கிறது. மீன்பிடி வள்ளங்களின் எஞ்சினுக்கு உதிரிப்பாகம் விற்கிறேன். கடல் கொந்தளித்தால் வியாபாரம் படுத்துவிடும். அப்படிப் படுத்திருந்த ஒரு மாரி காலத்தில்தான் போனில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. திரைக்கதை எழுதச் சொல்லித் தரும் இணையவழி வகுப்பு. நாற்பத்தைந்து வயதில், முன்தலை வெளித்து, மூக்கில் கண்ணாடி ஏறிய பிறகு, எனக்குள் ஒரு கலைஞன் இருமிக்கொண்டு எழும்பினான்.

படத்தைப் பார்க்காதே, படி என்பதுதான் அங்கே முதல் பாடம். ஒரு தரம் சாதாரணமாகப் பார்க்க வேண்டும். அடுத்த தரம் சத்தத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு காட்சிக்குக் காட்சி நிறுத்தி, இதில் யாருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று கேட்க வேண்டும். நான் விசுவாசமான மாணவன். வீட்டு டிவியில் சத்தத்தை நிறுத்தினேன். (என் மனைவி சுகந்தி டிவியையே நிறுத்தினாள்.) மிச்சப் படிப்பு கடையில் நடந்தது. ஸ்பார்க் பிளக் கேட்டு வந்தவர்களிடமும் உங்களுக்கு என்ன வேணும், எது தடுக்குது என்று விசாரித்தேன். அவர்கள் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டார்கள்.

படித்துப் படித்து நானே ஒரு உண்மையைக் கண்டுபிடித்தேன். எந்தப் படத்திலும் நல்ல செய்தியை நேராகச் சொல்வதே இல்லை. ஆஸ்பத்திரிக் காட்சியைப் பாருங்கள். டொக்டர் வெளியே வருவார். தலை குனிந்திருக்கும். கண்ணாடியை மெதுவாகக் கழற்றுவார், துடைப்பார். சொந்தக்காரர்கள் சுவரைப் பிடிப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஆள் பிழைத்துவிட்டார் என்று சொல்வார். அந்தக் கண்ணாடி கழற்றும் நேரத்தில்தான் முழுப் படமும் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் பாராட்டினார். அந்தப் பாராட்டுத்தான் வினை.

அந்த நாட்களில் சுகந்தியின் தம்பி தயாளனுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். பொடியனுக்கு முப்பத்தாறு வயது. அதுவரை வந்த சம்பந்தமெல்லாம் ஏதோ ஒன்றில் தட்டிப்போனவை. கடைசியில் இலங்கைத்துறையில் ஒன்று சரிவந்தது. பெண் கவிதா, பள்ளிக்கூட ஆசிரியை. தகப்பன் சின்னராசா அண்ணை, சொந்தமாக வள்ளம் வைத்திருப்பவர், என் கடையின் நெடுநாள் வாடிக்கைக்காரர், என்னைப் போலவே கண்ணாடிக்காரர். பொருத்தம் பார்த்தாயிற்று, பெண்ணும் பார்த்தாயிற்று. எங்கள் பக்கத்துச் சம்மதத்தை ஒருவர் நேரில் போய்ச் சொல்வதுதான் மிச்சம். அவரோடு பழக்கம் என்று என்னை அனுப்பினார்கள்.

தயாளன் மோட்டார் சைக்கிள் வரை வந்து கையைப் பிடித்தான்.

"அத்தான், எங்களுக்குச் சம்மதம் எண்டு ஒரு வசனம். வேற கதை ஒண்டும் வேண்டாம்."

இவ்வளவு படித்தவனுக்கு ஒரே ஒரு வசனம்! கிண்ணியாப் பாலம் தாண்டுவதற்குள் அதை ஒரு காட்சியாக்கிவிட்டேன். மூதூர் கடக்கும்போது பின்னணி இசையும் போட்டாயிற்று.

சின்னராசா அண்ணை தோய்த்து மடித்த சட்டையோடு வாசலில் நின்றார். கதிரை போட்டார்கள். வீடெல்லாம் பயத்தம் பணியாரம் பொரிந்த மணம். குசினி வாசலில் அவருடைய மனைவி தட்டத்தோடு தயாராக நின்றார். நல்ல வார்த்தை விழுந்ததும் தட்டம் வெளியே வரும்.

நான் உட்கார்ந்தேன். பேசவில்லை. தலையைக் குனிந்தேன்.

"என்ன தம்பி, வீட்டில எல்லாரும் சுகமோ?"

பெருமூச்சு விட்டேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தேன். (இடது பக்கத்தை முடித்துவிட்டு வலது பக்கத்துக்குப் போனேன். கலையில் அவசரம் கூடாது.) கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் எல்லாமே புகைமூட்டம். அதனால் அவர் முகத்தில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று.

"அண்ணை, உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல" என்று தொடங்கினேன்.

அடுத்து ஒரு மௌனம், பிறகு புன்னகை, பிறகு சம்மதம். அதுதான் நான் எழுதியது. அந்த மௌனத்துக்குள் சின்னராசா அண்ணை புகுந்துவிட்டார்.

"நீங்கள் சொல்ல வேண்டாம், தம்பி. உங்களுக்கும் சங்கடம். எங்களுக்கும் இதில அவ்வளவு விருப்பமில்லை. நாங்களே சொல்லி அனுப்புவம் எண்டுதான் இருந்தனாங்கள்."

அவசரமாகக் கண்ணாடியைப் போட்டேன். குசினி வாசலில் தட்டத்தைக் காணவில்லை.

மானமுள்ள மனிதர். நாங்கள் மறுத்தோம் என்று மகளுக்கு ஒரு பேச்சு வருமுன், தானே மறுத்து அதை மூடிவிட்டார். என் வாய்க்குள் சம்மதம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் வேண்டாமென்று சொல்லிவிட்ட வீட்டில் அதை எப்படி வெளியே எடுப்பது? இந்தக் காட்சியை வகுப்பில் சொல்லித் தரவில்லை. வெறுந்தேத்தண்ணி வந்தது. குடித்தேன். அவர் கடலைப் பற்றிச் சொன்னார், நான் எஞ்சின் ஒயிலைப் பற்றிச் சொன்னேன். நடுவில் தயாளனின் முப்பத்தாறு வயதும் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

வேறு வழியில்லாமல் எழும்பினேன். அப்போதுதான் குசினிக்குள்ளிருந்து கவிதா வந்தாள். கையில் அந்தத் தட்டம்.

"அண்ணை, ஓம் எண்டு சொல்லத்தானே வந்தனீங்கள்?"

தலையாட்டினேன்.

"பிறகேன் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தனீங்கள்?"

சின்னராசா அண்ணை மகள் பக்கம் திரும்பினார். "உனக்கெப்பிடித் தெரியும்?"

கவிதா பணியாரத்தையே பார்த்தாள். "காலமையே வட்ஸ்அப்பில வந்திட்டுது, அப்பா."

நான் இத்தனை பாலம் தாண்டிப் பொத்திப் பொத்திக் கொண்டுவந்த உச்சக்காட்சியை, தயாளன் காலையிலேயே வெளியிட்டிருக்கிறான். இருவரும் எவ்வளவு காலமாகக் கதைக்கிறார்கள் என்று தகப்பன் கேட்பதற்குள், நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். வகுப்பு, டொக்டர், கண்ணாடி, ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை. கதிரையில் சாய்ந்தார். பிறகு தன்னுடைய கண்ணாடியை மெதுவாகக் கழற்றினார். சட்டை நுனியால் இடது பக்கத்தைத் துடைத்தார். வலது பக்கத்தைத் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் துடைத்தார்.

"தம்பி, உங்களிட்ட எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்ல" என்றார்.

சுவரைப் பிடித்தேன். சொந்தக்காரர்கள் ஏன் சுவரைப் பிடிக்கிறார்கள் என்பது அந்த நிமிடம் விளங்கியது.

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பிறகு கவிதா. கடைசியாக அவர் வயிறு குலுங்கத் தொடங்கியது. "பணியாரம் ஆறப்போகுது, எடுங்கோ" என்றார். நான் அங்கே தின்ற பணியாரத்தின் எண்ணிக்கையை அவர்கள் இன்னும் மிகைப்படுத்தித்தான் சொல்கிறார்கள்.

விஷயத்தை வீட்டில் மறைத்துவிடலாம் என்று வழியெல்லாம் திட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். வட்ஸ்அப் எனக்கு முந்தி வந்துவிட்டிருந்தது. வீட்டுப் படலையில் தயாளன் நின்றான், முகத்தில் சுகந்தியின் கறுப்புக் கண்ணாடி. என்னைக் கண்டதும் அதை மெதுவாகக் கழற்றித் துடைத்தான்.

கலியாணம் நன்றாக நடந்தது. என் திரைக்கதை இன்னும் முதல் காட்சியில் நிற்கிறது. போன வருடம் கவிதாவுக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்றவன் நான். நல்ல செய்தி கிடைத்ததும் சுகந்திக்குப் போன் எடுத்தேன். ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"முதல்ல இதைச் சொல்லுங்கோ. கண்ணாடி முகத்திலயோ, கையிலயோ?"

"முகத்தில."

"அப்ப சரி" என்று போனை வைத்துவிட்டாள். பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.