பாத்ரூம் சுவரில் சரோஜாக்காவின் திராட்சை

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று சொன்னவர் நிச்சயமாக ஒரு போதகர் இல்லை. போதகராக இருந்திருந்தால், 'சபையார் எட்டிப் பார்க்காமல் கட்டிப் பார்' என்று இன்னொரு வரி சேர்த்திருப்பார். எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால்கூட அடுத்த வார ஜெபக் குறிப்பில் வந்துவிடும்.

சித்தூரில் பலமனேர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னச் சபைக்கு நான் போதகர். காலையில் தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. இரண்டு பாஷைக்காரர்களுக்கும் நான் 'அய்யகாரு', என் மனைவி கிரேஸ் 'அம்மகாரு'. சபைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. மழை பெய்தால் வெளியே நிற்பதும் உள்ளே நிற்பதும் ஒன்றுதான் என்ற நிலைக்கு அது வந்த பிறகு, பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினோம்.

வீட்டுக்குள் இடிப்பு வேலை நடந்ததால் சமையல் சபையின் பின்னறைக்கு மாறியது. நான் கண்ணை மூடி உருக்கமாக ஜெபிக்கும்போது பின்னாலிருந்து சாம்பார் வாசனை வரும். அந்த வாரங்களில் சபையாரின் 'ஆமென்' வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்தது. ஜெபத்தைச் சுருக்கும்படி மூப்பர்கள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தும் நடக்காததை என் மனைவியின் சாம்பார் சாதித்துவிட்டது.

டைல்ஸ் வாங்கும் கட்டம் வந்தபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. (என் வாழ்க்கையின் விபத்துகள் எல்லாமே இப்படி ஒரு யோசனையில்தான் தொடங்கியிருக்கின்றன. கிரேஸ் சாட்சி.) வீடு கட்டிய எல்லோரிடமும் பரணில் நாலைந்து டைல்ஸ் மிச்சம் இருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தால் எங்கள் வீடு முடிந்துவிடுமே! யாரையும் கேட்காமல் அந்த ஞாயிறே பிரசங்க பீடத்திலிருந்து அறிவித்துவிட்டேன். முழுக்க வெள்ளையாக ஒரு சமையலறை வேண்டும் என்று பல வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருந்த கிரேஸ், முன்வரிசையிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகக் கடைசிப் பாட்டுக்குப் போனேன்.

டைல்ஸ் வந்தது. மரம் மாதிரி, சலவைக்கல் மாதிரி, ரோஜாப்பூ போட்டது, மீன் போட்டது, எந்த மாதிரியும் இல்லாதது. எல்லாவற்றிலும் எனக்கு மனசு நெகிழ்ந்தது சரோஜாக்கா கொண்டுவந்த நாலு டைல்ஸில்தான். சரோஜாக்கா மார்க்கெட்டில் தக்காளி விற்பவர். கணவர் இல்லை. அவரும் மகன் ஜான்சனும் மட்டுமாக நின்று கட்டிய வீடு அவருடையது. வீடு முடிந்த கொஞ்ச நாளில் தாய்க்கும் மகனுக்கும் ஏதோ பேச்சு முற்றி, அவன் பெங்களூருக்குக் கார் ஓட்டப் போனவன்தான், திரும்பி வரவில்லை. போனும் செய்வதில்லை.

தக்காளிக் கூடையிலிருந்து பழைய சேலையில் சுற்றிய டைல்ஸை எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றிலும் பெரிய திராட்சைக் கொத்து.

"திருப்பதி கடையில எம் பையன் பொறுக்கி எடுத்த கல்லு அய்யகாரு. ஒடைஞ்சா மாத்தறதுக்குன்னு வெச்சிக்கினு இருந்தேன். உங்க வூட்டு வாசல்ல வெச்சீங்கன்னா, போறப்ப வரப்ப பாத்து அவனுக்காக ஒரு வார்த்த ஜெபம் பண்ணுவீங்க இல்ல?"

அடுத்த ஞாயிறு சபை நடுவில், "அக்காவோட கல்லுதான் எங்க வீட்டு வாசல்ல முதல்ல இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். வாக்கு கொடுப்பதில் என்னை அடிக்க ஆளில்லை.

அந்த வாரம் எங்கள் மூப்பர் ஒருவர் இடுப்பு எலும்பு முறிந்து திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். பார்க்கப் போனேன். ஆபரேஷன் வேண்டாம், தன்னைப் புத்தூருக்குக் கூட்டிப்போய் நாட்டு வைத்தியக் கட்டுப் போடுங்கள் என்று அவர் ஒரே அடம். அவருக்குப் புத்தி சொல்லி, அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்லி, ஒருவழியாகத் தலையில் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினால், போன். மேஸ்திரி ரெட்டெப்பா.

"எடுங்க அய்யகாரு. ஜெபம் எங்கயும் ஓடிப்பூடாது" என்றார் நோயாளியே.

"அய்யகாரு, பாத்ரூம்லோ நாலுகு டைல்ஸ் தக்குவ உன்னாயி" என்றார் ரெட்டெப்பா. நாலு குறைகிறதாம்.

ஒரு கை மூப்பர் தலையில், ஒரு கை போனில். "ஏமுண்டே அதி வெய்யி ரெட்டெப்பா!" எது இருக்கிறதோ அதைப் போடு என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தேன். எந்த நாலு டைல்ஸ் தனியாக, பத்திரமாக, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

மறுநாள் வீடு திரும்பியதும் ரெட்டெப்பா என்னைப் பெருமையாகக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பாத்ரூமில், வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு நேர் எதிர்ச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணுக்குச் சரியாக எதிரே, சதுரமாக நாலு திராட்சைக் கொத்து! நடுவில் வைத்தால் அழகாக இருக்கும் என்று அவரே அளந்து பதித்தாராம். பெயர்த்து எடுக்க முடியுமா என்று கேட்டேன். எடுத்தால் உடைந்துவிடும் என்றார். வாசலில் பதித்திருந்தது மீன்.

"அக்காகிட்ட நேராப் போய் சொல்லிடுங்க" என்றாள் கிரேஸ்.

"சொல்லாம எப்படி? புது வீட்டு ஜெபம் முடியட்டும்."

"இப்பவே சொல்லுங்க. அவங்க கல்லு கொடுக்கல, புள்ளையக் கொடுத்துட்டுப் போயிருக்காங்க."

அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்தும் என்ன பயன்? சத்தியத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, ஒரு தக்காளிக்காரம்மாவின் முகத்தைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வாய் வரவில்லை. பதிலாக, வீட்டு ஜெபத்தன்று காலையில் அந்த நாலு டைல்ஸையும் மறைத்து ஒரு பெரிய வசனக் காலண்டரை மாட்டினேன். அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது.

வீட்டு ஜெபத்துக்குச் சபையே வந்தது. ஜெபத்தில் ஒருவருக்கும் கவனமில்லை, எல்லோர் கண்ணும் தரையில். "தோ, எங்க கல்லு!" "இதி மாதி!" என்று இரண்டு பாஷையிலும் அறை அறையாகச் சொந்தம் கொண்டாடும் கூச்சல். சரோஜாக்கா வாசலில் குனிந்து மீனைப் பார்த்தார். பிறகு ஹால், சமையலறை என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அய்யகாரு, என் கல்லு எங்க கீது?"

"உள்ள இருக்குக்கா." (பொய் இல்லை, கவனிக்கவும்.)

"உள்ளன்னா?"

"நல்லா உள்ள. முதல்ல சாப்பிடுங்கக்கா, குஸ்கா ஆறிடும்."

அக்காவுக்குச் சர்க்கரை வியாதி, குஸ்கா எதற்கு? அவர் கிரேஸிடம் திரும்பி, "அம்மகாரு, ஒண்ணுக்குப் போவணும்" என்றார். பாத்ரூமில் வேலை முடியவில்லை என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், கிரேஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள். விளக்கையும் போட்டாள்.

நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. அக்காவின் கண் சிவந்திருந்தது. கையில் சுருட்டிய காலண்டர்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. தப்பு என்னோடதுதான். முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"வாசல்ல வெக்கறேன்னு சபை நடுவுல சொன்னீங்களே அய்யகாரு. மனசு ஒடைஞ்சிதான் பூட்ச்சி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலை குனிந்து நின்றேன். அடுத்த கணம் காலண்டரால் என் தோளில் ஒன்று போட்டார். "அது கெடக்கட்டும். ஆண்டவரு வசனத்த இஸ்துக்கினு போய் கக்கூஸ்ல மாட்டுவாங்களா யாரனா? நீங்கல்லாம் என்னா படிச்சீங்க?"

அவர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். டாய்லெட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இடைவெளியைக் கண்ணாலேயே அளந்தார். முகம் மெதுவாக மாறியது.

"இதுக்கு முன்ன குந்தினா வேற எங்கயும் பாக்க முடியாது இல்ல?"

"முடியாதுக்கா."

"வாசல்லன்னா செருப்ப மாட்டிக்கினு ஓடிடுவீங்க. உங்களுக்குத்தான் ஆயிரம் ஜோலி. இங்கன்னா தெனமும் வந்துதானே ஆவணும்? குந்தினு, அந்தக் கல்லப் பாத்து, எம் புள்ளைக்காக ஜெபம் பண்ணுங்க. மறந்தேன்னு சொல்லக்கூடாது, ஆமா!"

கிரேஸ் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். நானும்தான்.

அன்றிலிருந்து தினமும் ஜெபிக்கிறேன். பிரசங்கத்துக்கு முன்னால்கூட என் மனம் இங்கும் அங்கும் ஓடும். அங்கே மட்டும் ஓடுவதில்லை, திராட்சை விடாது. கொஞ்சம் தாமதமானால் என் மகள் ஷாலினி வெளியிலிருந்து கதவைத் தட்டி, "நைனா, ஜெபமா, போனா?" என்று விசாரிப்பாள். பாதி நாள் ஜெபம், பாதி நாள் அவள் சந்தேகம் சரி.

போன கிறிஸ்துமஸுக்கு ஜான்சன் வந்தான். ஜெபத்தாலா, லீவு கிடைத்ததாலா, அம்மா நினைவு வந்ததாலா என்று நான் யாரோடும் வாதாட மாட்டேன். ஆராதனை முடிந்ததும் சரோஜாக்கா அவனை மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தார். உட்காரச் சொல்லவும் விடவில்லை. நேராகப் பாத்ரூம் கதவைத் திறந்தார்.

"பாரு கண்ணு. இங்கதான் அய்யகாரு தெனமும் குந்திக்கினு உனக்காக அழுவறாரு." (அழுததாக நான் எப்போதும் சொன்னதில்லை.)

ஆறடி உயரம், புதுச் சட்டை. அவன் டாய்லெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தான். தான் பொறுக்கி எடுத்த திராட்சையை அடையாளம் கண்டுகொண்டான். "அம்மா" என்றான். என்ன செய்வதென்று தெரியாமல், செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய், அந்தச் சுவருக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டான். சரோஜாக்கா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இன்றைக்கும் விருந்தாளி யாராவது பாத்ரூம் எங்கே என்று கேட்டால், ஷாலினி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வாள். "செருப்பக் கழட்டிட்டுப் போங்க அங்கிள். எங்க நைனா ஒழுங்கா ஜெபம் பண்ற ஒரே இடம் அதுதான்."